தியோலிந்தோவின் இடது பக்கம்

தேசியக் கால்பந்து அணிக்குத் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வானொலியில் சொன்னபோது தியோலிந்தோ கரையில் வலையிலிருந்து மீனைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் காதில் அது விழவில்லை. பக்கத்துப் படகுக்காரர்கள் ஓடிவந்து சொன்னபோது, ஏதோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துக் கையிலிருந்த மீனை அவர்கள் மேலேயே வீசினான். நாடு என்னவோ இரண்டு தீவுகளைக் கொண்டதுதான். ஆனால் அணி என்றால் பெரிய தீவான சாவோ தோமேயின் ஆட்கள் மட்டுமே. சின்னத் தீவான பிரின்சிப்பேயிலிருந்து ஒருவனைக் கப்பலேற்றி வரவழைத்து, சோறு போட்டு, தங்க இடம் கொடுத்து ஆடவைக்க யாருக்கும் பொறுமை இருந்ததில்லை.

இரவு முழுக்கக் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். இடது காலால் பந்தை அவ்வளவு தூரம் அடிக்கிறவன் அணியில் வேறு யாருமில்லை. ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே சில்வேரியோ இருந்தான். தலைநகரத்துக்காரன், பேச்சுக்காரன், எல்லோருக்கும் பிடித்தவன். தியோலிந்தோ பெஞ்சில் உட்கார்ந்தான்.

கடலுக்கு அப்பாலுள்ள பெருநிலத்திலிருந்து வந்த அணியோடு சொந்த ஊரில் ஆட்டம். அணிக்கொரு கோல். அந்த நாட்டோடு சமநிலை என்பதே நமக்குப் பெரிய வெற்றி மாதிரி. கடைசி நிமிடங்களில் நேரத்தைக் கடத்துவதற்காகப் பயிற்சியாளர் தியோலிந்தோவை எழுப்பினார். அவன் மேல்சட்டையைக் கழற்றி, பதினாறாம் எண் ஜெர்சியை இழுத்துவிட்டுக்கொண்டு கோட்டருகே நின்றான். வெளியே வரவேண்டியவன் சில்வேரியோ. அவன் லேசில் வருவானா? மைதானத்தின் மறுகோடியிலிருந்து நடந்தான். பாதியில் நின்று ஷூ நாடாவைக் கட்டினான். நடுவரிடம் போய்க் கைகுலுக்கினான். கூட்டத்தைப் பார்த்துக் கைதட்டினான். கூட்டமும் திருப்பிக் கைதட்டியது. நடுவர் கடிகாரத்தைப் பார்த்து விசிலை ஊதிவிட்டார். ஆட்டம் முடிந்தது. ஜனம் மைதானத்துக்குள் பாய்ந்தது. தியோலிந்தோவை இடித்துத் தள்ளிக்கொண்டுதான் ஓடினார்கள்.

அன்று சாயங்காலம் அவன் கால்பந்துச் சங்கத்து ஆள் ஒருவரிடம் கேட்டான். "நான் ஆடினதா எழுதுவீங்களா?"

"உள்ள கால் வெச்சியா?"

"இல்ல."

"அப்புறம் என்னத்தடா எழுதறது?"

அன்றிலிருந்து அவனுக்குக் 'குவாசே' என்று பேர் விழுந்தது. எங்கள் பேச்சில் 'கிட்டத்தட்ட' என்று அர்த்தம். முதலில் அணிக்குள் கூப்பிட்டார்கள், பிறகு ஊரே கூப்பிட்டது.

அடுத்த ஆட்டம் அடுத்த வருஷம் என்று சொன்னார்கள், அதற்காகவே அவன் தீவு திரும்பாமல் தலைநகரத்து ரிபோக் பேட்டையில் ஒன்றுவிட்ட அண்ணன் அபிலியோவின் வீட்டில் தங்கினான். அடுத்த வருஷம் ஆட்டம் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. வெளியூர் போய் ஆட விமானத்துக்கு வழியில்லை என்றார்கள். போட்டிகளுக்குப் பேர் கொடுப்பது நின்றது. பயிற்சிக்குக் கூப்பிடுவதும் நின்றது. அணியைக் கலைத்துவிட்டதாக யாரும் அறிவிக்கவில்லை. கடை பூட்டியிருக்கும், முதலாளி இருக்கிறாரா இல்லையா தெரியாது, அதுபோலத்தான் இருந்தது. நீண்ட காலம் ஆடாததால் உலகத் தரவரிசையிலிருந்து எங்கள் நாட்டுப் பேரையே எடுத்துவிட்டார்கள் என்று ஒருநாள் வானொலியில் சொன்னார்கள். கடைசி இடத்தில் இருந்தபோது கேலி செய்தவர்கள்கூட அன்று கொஞ்சம் வருத்தப்பட்டார்கள்.

தியோலிந்தோ அபிலியோவின் மஞ்சள் டாக்ஸியை ஓட்டினான். தலைநகரத்திலிருந்து நேவெஸ் வரை, கடலையொட்டிய பாதை. ஆள் நிறைந்தால்தான் வண்டி கிளம்பும். ஏறுகிறவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள்.

"குவாசே, வண்டி நேவெஸ் போகுமா, இல்ல கிட்டத்தட்ட நேவெஸா?"

"உன்ன மட்டும் நேவெஸுக்கு முன்னாடி பாலத்துக்கிட்ட இறக்கிவிடறேன். வா, ஏறு."

அந்த வண்டியில் மீன் கூடையோடு ஏறியவள்தான் ஜூவெலினா. சந்தையில் பறவை மீன் விற்பவள். கூடையிலிருந்து ஒழுகிய தண்ணீரால் இருக்கையெல்லாம் நாறிவிட்டது என்று அவன் சத்தம் போட்டான். "உன் வண்டி முன்னாடி மட்டும் ரோஜாப்பூ வாசமா வீசிச்சு?" என்றாள் அவள். அடுத்த வாரமும் அதே வண்டிக்காகக் காத்து நின்றாள். ஒரே வீட்டில் வாழ ஆரம்பித்தார்கள். இரண்டு பெண்கள் பிறந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரிபோக் அணிக்கு ஆடுவதை மட்டும் அவன் விடவில்லை. வேலை நாட்களில் வண்டி எடுப்பதற்கு முன் கடற்கரையில் ஓடுவான். எதற்கு ஓடுகிறாய் என்று கேட்டால், முதுகு பிடித்துக்கொள்ளாமல் இருக்க என்பான். டிரைவர்கள் எல்லோருக்கும் முதுகுவலி உண்டு என்பதால் அந்தப் பதில் செல்லுபடியானது.

ஜூவெலினாவின் அண்ணன் வால்தெமார் லிஸ்பனில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தான். தங்கை புருஷனுக்கும் அங்கே வேலை பார்த்து வைத்து, வரச்சொல்லி ஆள் மேல் ஆள் அனுப்பினான். தியோலிந்தோ இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டான். ஒரு சாயங்காலம், சுட்ட ஈரப்பலாவும் மீனும் தட்டில் இருக்க, ஜூவெலினா கேட்டேவிட்டாள்.

"கிளம்பறதுக்கு உனக்கு என்ன தடை?"

"இங்க வண்டி இருக்கே."

"வண்டி அபிலியோவோடது."

"பொண்ணுங்க சின்னப் பொண்ணுங்க."

"எங்கண்ணன் போகும்போது அவன் பசங்களுக்கு மட்டும் மீசை முளைச்சிருந்துச்சா? உண்மையச் சொல்லு. அந்த அணி திரும்ப வரும்னுதானே உக்காந்திருக்கே?"

அவன் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான்.

"வாயத் திறந்து சொல்லு, பரவாயில்ல. அந்த அணியில இப்ப பந்து இல்ல, ஆள் இல்ல, மைதானத்துல புல் இல்ல. நீ ஒருத்தன்தான் மிச்சம்."

"அதுக்காக இல்ல," என்றான்.

அவள் நம்பவில்லை. அவனுக்கே அது முழுப்பொய்யா, பாதிப்பொய்யா என்று தெரியவில்லை. அவன் போகவேண்டிய இடத்துக்கு வால்தெமார் வேறு ஒருவனை அழைத்துக்கொண்டான். ஜூவெலினா ரொம்ப நாள் புருஷனோடு பேசவில்லை. பேசவேண்டியதை மூத்த மகளிடம் சொல்லுவாள், அவன் பக்கத்திலேயே நிற்கும்போது. பிறகு இளையவளுக்குக் காய்ச்சல் வந்தது, ஆஸ்பத்திரியில் பேசித்தான் ஆகவேண்டியிருந்தது. அத்தோடு லிஸ்பன் பேச்சும் ஓய்ந்தது.

அவனுக்கு முப்பது தாண்டிய பிறகு, நேவெஸ் போகும் வழியில், வண்டி நிறைய ஆட்களோடு வானொலியில் அந்தச் செய்தியைக் கேட்டான். தேசிய அணி மறுபடி ஆடப்போகிறது. தகுதிச்சுற்றில் ஒரே நாட்டோடு இரண்டு ஆட்டம், முதலாவது பெருநிலத்தில், இரண்டாவது இங்கே. பயிற்சியாளர் சில்வேரியோ.

வண்டி லேசாக ஓரம் விலகியது. பின்னாலிருந்து ஒருத்தி, "குவாசே, ரோட்டைப் பாத்து ஓட்டு. எங்களுக்குப் பிள்ளைகுட்டி இருக்கு," என்றாள்.

சில்வேரியோ இரண்டு வாரம் கழித்து டாக்ஸி நிறுத்தத்துக்கே வந்தான். தொப்பை விழுந்திருந்தது. கழுத்தில் விசில் தொங்கியது.

"இன்னும் ஓடறியாமே?"

"முதுகுவலிக்கு."

"முதுகுவலிக்கு மாத்திரை இருக்குடா. இங்க பாரு, பழசை நினைச்சுப் பாவப்பட்டு உன்னக் கூப்பிட வந்தேன்னு நினைச்சுக்காத. போர்ச்சுகல்ல ஆடற பையன் முதல் ஆட்டத்துக்கு வந்து சேரமாட்டான். எனக்கு இடது பக்கம் ஆளில்ல."

"அன்னிக்கு ஷூ நாடா உண்மையிலயே அவுந்துச்சா?"

சில்வேரியோ வாய்விட்டுச் சிரித்தான். "நாடா நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் அவுத்துக் கட்டினேன். சமநிலைடா! எவன் வெளிய வருவான்? நீயா இருந்தா வந்திருப்பியா?"

தியோலிந்தோ யோசித்துப் பார்த்தான். "வந்திருக்கமாட்டேன்," என்றான். பிறகு, "உன்ன இப்ப எப்படிக் கூப்பிடறது? கோச்சை எல்லாரும் மிஸ்டர்னு கூப்பிடறாங்க."

"மைதானத்துல மிஸ்டர். இங்க என்னவேணா கூப்பிடு."

பயிற்சியில் மற்றவர்கள் எல்லோரும் அவனைவிடப் பத்து வயது சின்னவர்கள். பாதிப்பேர் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதுதான் அணி நின்றுபோயிருந்தது. அவர்களில் யாருமே நாட்டுக்காக ஆடினதில்லை என்பதால், அந்த ஒரு விஷயத்தில் அவனும் அவர்களும் ஒரே நிலையில்தான் இருந்தார்கள்.

பெருநிலத்தில் அன்று மழை பெய்தது. நாட்டுப்பண் ஒலிக்கும்போது வாய்விட்டுப் பாடவேண்டும் என்று எத்தனையோ காலை ஓட்டங்களில் நினைத்து வைத்திருந்தான். ஆனால் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. வரிசையில் நின்று சும்மா உதட்டை அசைத்தான். விசில் ஊதியதும் முதல் பந்தே அவனிடம் வந்தது. அதை நேராக வெளியே அடித்தான். அவ்வளவு பெரிய அரங்கில் ஒருவரும் அதைக் கவனித்திருக்கமாட்டார்கள். அவன் தன் இடத்துக்குத் திரும்பி ஓடினான்.

எதிரணியில் வலது பக்கம் ஆடியவன் காதில் கம்மல் போட்ட ஒல்லிப்பையன். முதல் தடவை தியோலிந்தோவை வெளிப்பக்கமாகத் தாண்டிப்போனான், கோல். சரி, வெளிப்பக்கத்தை அடைப்போம் என்று நின்றபோது உட்பக்கமாகப் போனான், அதுவும் கோல். இரண்டாம் பாதியில் பந்தைத் தியோலிந்தோவின் கால்களுக்கிடையிலேயே விட்டு எடுத்துக்கொண்டு போனான், மறுபடி கோல். நடுவே பெனால்டி ஒன்று, கார்னரிலிருந்து ஒன்று. ஒரே ஒரு முறை, கோல்கீப்பரும் விழுந்துவிட்ட பிறகு, தியோலிந்தோ கோட்டின் மேல் நின்று பந்தை நெஞ்சால் தடுத்து வெளியே அடித்தான். மூச்சு நின்று வந்தது. ஐந்துக்குப் பூஜ்யம்.

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையன் வந்து ஜெர்சியை மாற்றிக்கொள்ளலாமா என்று சைகையில் கேட்டான். தியோலிந்தோ தலையை ஆட்டி மறுத்தான். ஜெர்சி ஆளுக்கு ஒன்றுதான். துவைத்து அடுத்த ஆட்டத்துக்கும் அதையே போடவேண்டும். இதையெல்லாம் சைகையில் எப்படிச் சொல்வது? பையன் முகம் சுருங்கிப்போனான், தோற்றவன் கோபத்தில் இருக்கிறான் என்று நினைத்து. தியோலிந்தோ அவன் தோளில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் ஜூவெலினா பையை வாங்கி வைத்தாள்.

"அஞ்சு," என்றான் அவன்.

"தெரியும். சந்தையில எல்லாரும் ரேடியோவச் சுத்தித்தான் நின்னோம். உன் பேரை எத்தனை தடவ சொன்னான் தெரியுமா அந்த ஆளு? 'தியோலிந்தோவைத் தாண்டி', 'மறுபடியும் தியோலிந்தோவைத் தாண்டி'. எனக்கு மீன் பலகைக்கு அடியில போய் உக்காந்துக்கலாம் போல இருந்துச்சு."

"ஒண்ணத் தடுத்தேன்."

"அதையும் சொன்னான். அப்ப பக்கத்துக் கடை ஃபிலோமேனா கத்தியால பலகையில ஓங்கி ஓர் அடி அடிச்சா பாரு, வாங்க வந்தவங்க பயந்து பின்னாடி போயிட்டாங்க." பையிலிருந்து ஜெர்சியை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "வால்தெமார் போன் பண்ணான். உன் புருஷன் இதுக்காகவா வராம இருந்தான்னு சிரிச்சான். நான் வெச்சுட்டேன்."

"என்ன சொல்லிட்டு வெச்சே?"

"என்னத்தச் சொல்றது? நான் கேக்கலாம், அவன் கேக்கக்கூடாது."

இரண்டாம் ஆட்டத்துக்குப் போர்ச்சுகல் பையன் வந்துவிட்டான். சில்வேரியோ சுற்றி வளைக்கவில்லை. "அவன் ஆடறான். பெஞ்சிலயும் இடமில்ல," என்றான். தியோலிந்தோ, "சரி மிஸ்டர்," என்றான். துவைத்து மடித்த ஜெர்சியை அவனே கொண்டுபோய்ப் பையனிடம் கொடுத்தான். பையனுக்கு அது தோள்பட்டையில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது.

ஆட்டத்தைக் குடும்பத்தோடு பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்த்தான். பையன் நன்றாக ஆடினான். கம்மல்காரனைச் சரியாக வெளிப்பக்கம் ஒதுக்கினான். எப்போதாவது விட்டால் துரத்திப் பிடித்தான். நல்ல கால்தான் என்று தியோலிந்தோவுக்குத் தோன்றியது. அந்த இடத்தில் தான் இல்லையே என்றும் இருந்தது, அதுவும் உண்மை. இரண்டும் கலந்த நிலையில் கடலை கொறித்துக்கொண்டிருந்தான். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தபோது தலைநகரமே தெருவுக்கு வந்துவிட்டது. மொத்தக் கணக்கில் நாம் வெளியேறிவிட்டோம் என்பதை அன்று யாரும் சட்டை செய்யவில்லை. இளைய மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அவனும் அந்தக் கூட்டத்தோடு நடந்தான். மறுநாள் காலை வண்டி எடுத்தான்.

அடுத்த ஆகஸ்ட் திருவிழாவுக்குப் பிரின்சிப்பே போனான். கப்பலில் அல்ல, சின்ன விமானத்தில். அந்தத் தீவின் ஊரான சாந்தோ அந்தோனியோவில் இறங்கியபோது, அவன் நினைத்ததுபோல யாரும் கேலி செய்யவில்லை. மரத்தடியில் பனங்கள் குடித்துக்கொண்டிருந்த பழைய படகுக்காரர்கள் அவனுக்கு இடம் விட்டு, முதல் கோப்பையை அவன் கையில் கொடுத்தார்கள். நாட்டுச் சட்டை போட்டு ஆடிய பிரின்சிப்பேக்காரன் என்று அவர்களுக்கு நினைவு தெரிந்து வேறு யாருமில்லை. ஆட்டத்தை முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். மழையிலிருந்து ஆரம்பித்து எதையும் மறைக்காமல் சொன்னான்.

பவுலினோ என்ற பெரியவர் கோப்பையைக் கீழே வைத்தார். "மொத்தம் அஞ்சு."

"அஞ்சு."

"உன் பக்கம் எத்தனைடா வந்துச்சு?"

"மூணு."

"அப்ப மத்த ரெண்டு?"

"ஒண்ணு பெனால்டி. நம்ம சென்டர் பேக் கையில பட்டது. இன்னொண்ணு கார்னர், கோல்கீப்பர் நழுவவிட்டான்."

"அவங்க எந்த ஊரு?"

"சாவோ தோமே."

பெரியவர் சுற்றி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். "பாத்தீங்களா? நம்ம பையன் மூணுதான் விட்டான். ஒண்ணத் தடுத்தும் இருக்கான். அந்தத் தீவு முழுக்கச் சேந்து ரெண்டு விட்டுச்சு, ஒண்ணாச்சும் தடுத்துச்சா?"

கள் மூக்கில் ஏறும்வரை சிரித்தார்கள். தியோலிந்தோ கோல்கீப்பர் வேறு ஆறேழு பந்துகளைப் பிடித்ததைச் சொல்ல வாயெடுத்தான். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. அவனும் சிரித்தான்.

அடுத்த வருஷம் இன்னும் இரண்டு ஆட்டங்களுக்கு சில்வேரியோ அவனைக் கூப்பிட்டான். ஒன்றில் முழுக்க ஆடினான், ஒன்றில் இறுதியில் கொஞ்சம். அதற்குப் பிறகு முழங்கால் வீங்க ஆரம்பித்தது. வேண்டாம் மிஸ்டர், போதும் என்று அவனே சொல்லிவிட்டான். அணி அதன்பின் நிற்கவில்லை. வருஷா வருஷம் ஆடுகிறது, பெரும்பாலும் தோற்கிறது. உள்ளூர் ஆட்டம் என்றால் அவன் மதியத்துக்குமேல் வண்டி ஓட்டமாட்டான். ஜூவெலினாவும் மீன் கூடையை ஃபிலோமேனாவிடம் விட்டுவிட்டு அவனோடு வருகிறாள். நடுவரை அவள் திட்டுகிற திட்டில், முன்வரிசைக்காரர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்ப்பதுண்டு.