அறுநூற்றுப் பன்னிரண்டாவது வார்த்தை

மெஷினின் மூடியைத் திறந்து தாளை வைத்தவர், மூடாமல் மறுபடி கையில் எடுத்துப் படித்தார். எதிரே நின்றவர் மாமனாரின் மறைவு அறிவிப்பை ஐம்பது நகல் எடுக்க வந்தவர். "'அன்னார்'னு போட்டிருக்கீங்களே, ரொம்ப நல்லா இருக்குங்க" என்றார் நகல் கடை அக்கா. துக்கத்தில் நிற்கிற மனிதர் இதற்கு என்ன பதில் சொல்வார், பாவம்! "ஆமாங்க" என்றார். அக்கா பேனாவைத் திறந்து இடது உள்ளங்கையில் அந்த வார்த்தையைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகுதான் மூடியை அடைத்தார்.

கடை என்பது ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இடம். மெஷின், ஒரு முக்காலி, நூலில் கட்டிய ஸ்டேப்ளர், அப்புறம் அக்கா. ஐந்தாவதாக எது வந்தாலும் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். மேலே யாராவது படியேறினால் அக்கா தானாகத் தலையைக் குனிந்துகொள்வார். இருபது வருஷப் பழக்கம். கூரை இடித்ததே இல்லை என்றாலும் குனிவார்.

இந்தக் கடைக்குள் வருகிற தாள் எதுவும் படிக்கப்படாமல் வெளியே போகாது. ரத்தப் பரிசோதனை முடிவு, வாடகை ஒப்பந்தம், காணாமல் போன பூனை பற்றிய அறிவிப்பு, மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வரும் துண்டுக் காகிதம் என்று எல்லாவற்றையும் படிப்பார். ஊர் வம்புக்காக இல்லை, அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். யார் யாருக்கு என்ன வியாதி என்று கேட்டால் அக்காவுக்குத் தெரியாது. அந்த வியாதிக்கு என்ன பேர் போட்டிருந்தது என்றால் எழுத்துப் பிசகாமல் சொல்வார். அவருக்கு வேண்டியது வார்த்தை. இதுவரை காதில் விழாத, கண்ணில் படாத வார்த்தை.

முன்பெல்லாம் தாளிலேயே வட்டம் போட்டுவிடுவாராம். ஒருநாள் ஒருவருடைய அசல் பட்டச் சான்றிதழில் நீல மையில் அழகாக ஒரு வட்டம் விழுந்துவிட்டது. அவர் போட்ட கூச்சலில் மேல் மாடிக்காரர்கள் எல்லாம் இறங்கி வந்துவிட்டார்கள். அன்றிலிருந்துதான் உள்ளங்கை.

உள்ளங்கையில் ஏறிய வார்த்தை நோட்டில் ஏற ஒரு சட்டம் உண்டு. அன்று ராத்திரி தூங்குவதற்குள் அதை யாரிடமாவது, பொருத்தமான இடத்தில், வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கையைக் கழுவிவிட வேண்டியதுதான். "பேசிப் பாக்காம எழுதினா அது நம்முது ஆகாது சார். கடையில தொட்டுப் பாத்துட்டு வந்த துணி மாதிரி" என்பார். நோட்டில் மூன்று பத்திகள்: எண், வார்த்தை, எங்கிருந்து. 'சுணக்கம் - தண்ணீர் நோட்டீஸ்.' 'முகாந்திரம் - யாரோ போட்ட வழக்கு.' 'பொறுப்புத் துறப்பு - கூந்தல் தைல விளம்பரம்.'

இந்தச் சட்டத்துக்கு முதல் பலி அவர் வீட்டுக்காரர். பஸ் ஓட்டுகிறவர், சாது. புதுச் சோப்பைப் பிரித்தால் "இன்னிக்கு சோப்புக்கு அங்குரார்ப்பணம்" என்ற அறிவிப்போடுதான் குளிக்கப் போக வேண்டும். சாப்பாட்டுத் தட்டு வரும்போது, "பொறுப்புத் துறப்பு: உப்புக்கு நான் பொறுப்பில்ல" என்று சேர்ந்து வரும். மேற்படி மறைவு அறிவிப்பு வந்த அன்று அவர் வீடு திரும்ப நேரமாகிவிட்டது. அக்கா போன் போட்டு, "அன்னார் இப்ப எங்க இருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். "அடியே, நான் இன்னும் சாகலடி!" என்று அந்தப் பக்கத்தில் கத்தல். "அகராதி புடிச்சவளைக் கட்டிக்கிட்டேன், வேற என்னத்த சொல்ல" என்று என்னிடம் அவர் அலுத்துக்கொண்டார்.

ஒரே மகள், பத்தாம் வகுப்பு. தோழிகளோடு கடையைத் தாண்டிப் போகும்போது எதிர்ப்பக்கச் சுவரில் ஏதோ அதிசயம் இருப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டு போவாள். "அம்மா, மனுஷங்க மாதிரி பேசும்மா. என் பிரெண்ட்ஸ் சிரிக்கிறாங்க" என்பது அவளுடைய நிரந்தர விண்ணப்பம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். பத்துப் பக்கக் கட்டுரை ஒன்றை நகல் எடுக்கக் கொடுத்தேன். அக்கா நிதானமாகப் படித்து முடித்து, "ஒண்ணும் சிக்கல சார்" என்று திருப்பிக் கொடுத்தார். எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்தது என்று சொல்லி மாளாது. அடுத்த கட்டுரையில் வேண்டுமென்றே ஒரு பழைய வார்த்தையைத் தேடிப் பிடித்துச் செருகினேன். அதற்கும் உதட்டைப் பிதுக்கினார். "எனக்காக வெச்சிருக்கீங்க சார். எலிப் பொறியில வடை வெச்ச மாதிரி தெரியுது. இது செல்லாது."

ஆனால் போன வருஷம் அக்காவின் வாய் கொஞ்சம் அடங்கியிருந்தது. எல்லோரும் தாளைப் போனிலேயே படம் பிடித்துக்கொள்கிற காலம், கடைக்கு யார் வருகிறார்கள்? கட்டிடக்காரர் வேறு, "வருஷக் கடைசி வரைக்கும் பாப்பேன்மா, அப்புறம் போன் கவர் விக்கிறவனுக்கு விட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை கடை வாசலில் வந்து நின்றார். பள்ளிக்கூட மெஷின் படுத்துவிட்டது. நான்கு நாளில் பரீட்சை. கையில் உறை போட்ட வினாத்தாள்கள்.

"இந்த ஒரு தடவை பாக்கறேன். சரியா நடந்தா வருஷம் பூரா எங்க வேலை உங்களுக்குத்தான். ஆனா நீங்க ஒரு எழுத்து படிக்கக் கூடாது. உங்களைப் பத்தி எனக்குத் தெரியும். போன மாசம் என் சுற்றறிக்கையைப் படிச்சுட்டு எனக்கே பாராட்டு சொன்னீங்க."

"படிக்க மாட்டேன் மேடம்."

"உங்க பொண்ணும் இதைத்தான் எழுதப் போறா."

"தெரியும் மேடம்" என்ற அக்கா, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தலைமை ஆசிரியையின் கையிலேயே கொடுத்துவிட்டார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எழுத்தெல்லாம் எறும்பு. அந்த அம்மாள் முக்காலியை வாசலுக்கு வெளியே போட்டு உட்கார்ந்துகொள்ள, அக்கா தடவித் தடவி வேலையை ஆரம்பித்தார். நூறு தாள் நல்லபடியாகப் போயிற்று. நூற்றோராவது சிக்கிக்கொண்டது.

சிக்கிய தாளைக் கண்ணாடி இல்லாமல் எடுத்தால் உள்ளே பல் சக்கரம் கையைக் கடித்துவிடும். தலைமை ஆசிரியை அரை மனதோடு கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். அக்கா பக்கக் கதவைத் திறந்து, கசங்கிய தாளை உருவினார். மூன்றாவது கேள்வி நேராக முகத்தில் வந்து விழுந்தது. 'அனந்தல் நீங்காத கண்களோடு காவலாளி கதவைத் திறந்தான். இதில் அனந்தல் என்பதன் பொருள் யாது?'

"நான் படிக்கல சார், அதுவே வந்து ஏறிடுச்சு" என்று பிற்பாடு என்னிடம் கண் கலங்கச் சொன்னார். ஏறியது ஏறியதுதான். தலைமை ஆசிரியை போன பிறகு பார்த்தால், உள்ளங்கையில் மை! பழக்க தோஷத்தில் எப்போது குறித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல பேனா, போகவில்லை. மெஷினுக்குக் கீழே முட்டுக் கொடுத்திருக்கும் தடி அகராதியைப் புரட்டினார். தூக்கக் கலக்கம் என்று இருந்தது. உடனே மருந்துக் கடைக்குப் போய் அகலமான பிளாஸ்திரி ஒன்று வாங்கி உள்ளங்கை மேல் ஒட்டிக்கொண்டார். மகள் கேட்டபோது "சுட்டுக்கிட்டேன்" என்றாராம்.

அந்த நான்கு நாளும் அக்கா பட்ட பாடு இருக்கிறதே! மகள் விடியற்காலையில் எழுந்து படிக்க உட்காருவாள். கண் திறந்திருக்கும், புத்தகம் தலைகீழாக இருக்கும். பல் தேய்க்கப் போய்க் குழாயில் சாய்ந்தபடியே நிற்பாள். இருபது வருஷத்தில் ஒரு வார்த்தைக்கு இப்படிப்பட்ட இடம் அக்காவுக்கு அமைந்ததில்லை. வீட்டுக்காரர் வேறு சும்மா இருப்பாரா? "பாருடி இவளை, முழிச்சிக்கிட்டே தூங்குறா. இதுக்கும் உங்கிட்ட ஒரு பேரு இருக்குமே?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லைங்க" என்றாராம் அக்கா.

"ஒண்ணுகூடவா இல்ல? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று மனிதர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. கடைக்குப் போய்ப் பேச்சுக் கொடுத்தால், "என்கிட்ட பேசாதீங்க சார், வாயில கொழுக்கட்டை" என்று திரும்பிக்கொண்டார். ஏதோ கோபம் என்று நானும் இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு இருந்தேன்.

பரீட்சை நாளன்று மத்தியானம் நான் கடை வாசலில் நின்றபோது மகள் வந்தாள். அதிசயமாக நேராகக் கடைக்கே வந்தாள்.

"அம்மா, மேடம் உன்னை நாளைக்கு வரச் சொன்னாங்க. இனிமே எல்லாப் பேப்பரும் உனக்குத்தானாம்."

அக்கா முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"மூணாவது கேள்வி கிளாஸ்ல ஒருத்தருக்குமே தெரியலம்மா. மேடம் அதுக்குப் போய் சந்தோஷப்படறாங்க, ஒரு எழுத்துகூட வெளிய போகலைன்னு. அனந்தல்னா என்னம்மா? நான் அழகுன்னு எழுதிட்டேன்."

அக்கா ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார். "தூக்கக் கலக்கம்."

"அய்யோ! நாலு நாளா நான் அந்த அனந்தல்லதானே இருந்தேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் பெண். சட்டென்று நிறுத்தி, "உனக்கு எப்படி இவ்வளவு சீக்கிரம் தெரியும்?" என்றாள்.

அக்கா பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நெம்பி உரித்து, கையை விரித்துக் காட்டினார். வெளுத்துச் சுருங்கிய தோலில் மங்கலான நீலம், ஆனால் படிக்க முடிந்தது. அதையும் அம்மாவின் முகத்தையும் மகள் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு மார்க்கும்மா" என்றாள் மெல்ல.

"ஆமாண்டி. எனக்கும் மனசே ஆறல" என்றார் அக்கா.

பிறகு அவர் நோட்டை எடுத்து, அறுநூற்றுப் பன்னிரண்டாம் எண்ணைப் போட்டு, வரியை நிரப்பாமல் மகள் பக்கம் திருப்பி வைத்தார். "நான் அன்னிக்கே பேசல. எனக்கு அது செத்துப்போச்சு. இடம் பாத்துச் சொன்னது நீதான், நீ எழுது" என்று பேனாவை நீட்டினார்.

அந்த நோட்டைத் தொட்டே பார்த்திராத பெண், மெஷின் மேல் குனிந்து 'அனந்தல்' என்று எழுதினாள். 'எங்கிருந்து' என்ற பத்திக்கு வந்ததும் கொஞ்சம் யோசித்தாள். பிறகு 'அம்மா உள்ளங்கை' என்று எழுதி, நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்து, மாட்டிக்கொண்டு, அதைப் படித்தார்.