நான் துடைத்த சத்தம்

புதிதாக வீடியோ எடிட் செய்பவர்களுக்கு எந்த மென்பொருள் நல்லது என்று எழுத, மூன்றை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். சோதித்துப் பார்க்க, இரத்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துச் சரோஜா அக்கா மகளின் சடங்கு வீடியோவைத் தந்தார். அதை எடுத்த அவர் கணவர் இப்போது உயிரோடு இல்லை.

ஒரு மென்பொருள் பின்னணி இரைச்சலை அப்படியே துடைத்தது. அதற்கே முதலிடம் கொடுத்தேன். அக்காவின் போனில் இடமில்லை என்று பழைய பதிவையும் அழித்தேன்.

அக்கா வந்து முழுவதையும் பார்த்தார்.

“படம் பளிச்சுனு இருக்கு தம்பி. அவரு இருமுற சத்தம் எங்க?”

வீடியோவில் அவருடையதாக இருந்தது அந்த இருமல் மட்டும்தான்.

“இரைச்சல்னு நெனச்சுட்டேன் அக்கா.”

“லயத்துல பக்கத்து வீட்டுக்காரங்களும் அவரு இருமலை அப்படித்தான் சொல்வாங்க,” என்றார்.

என் கட்டுரையில் அந்த மென்பொருளுக்கு இன்னும் முதலிடம்தான். மாற்றினால் காரணம் எழுத வேண்டியிருக்கும்.