மணியண்ணனுக்குத் தேதி சொன்னவள்

மணியண்ணன் போய்விட்டார். நேற்று காலை, ஆஸ்பத்திரியில்.

அவர் மனைவி சாந்தா அக்கா போன் பண்ணியபோது நான் ரிஹர்சல் லிஸ்ட் டைப் பண்ணிக்கொண்டிருந்தேன். அதில் அவர் பெயரும் இருந்தது... யாரும் எடுக்கச் சொல்லவில்லை, நானும் எடுக்கவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொச்சியில் மட்டாஞ்சேரிக்காரர். முப்பது வருஷம் கானமேளாவில், அதாவது மேடையில் சினிமாப் பாட்டுக் கச்சேரியில், பாடியவர். ஆலுவாவிலிருந்து வைப்பின் வரை எந்தக் கோயில் உற்சவம், எந்தச் சர்ச் பெருநாள் என்றாலும் மேடையில் மணியண்ணன் இருப்பார்.

சினிமாப் பாடகர்களின் குரலை அப்படியே கொண்டுவந்துவிடுவார். ஜனங்கள் கண்ணை மூடிக் கேட்பார்கள். முடிந்ததும் அந்தப் பாடகர் பெயரைச் சொல்லித்தான் கை தட்டுவார்கள்.

நான் இரண்டரை வருஷமாக ஒரு பெரிய மியூசிக்கலுக்கு ஆர்ட்டிஸ்ட் கோஆர்டினேட்டர். பெயர் வேண்டாம், கொச்சியில் எல்லாருக்கும் தெரியும். கோடிகளில் பட்ஜெட், மேடையில் நிஜ மழை, சுற்றுகிற கப்பல்... ஹோர்டிங் வெயிலில் வெளுத்து ஹீரோயின் முகமே போய்விட்டது. இன்னும் ஒரு ஷோ நடக்கவில்லை.

அதில் கிழட்டுத் தோணிக்காரன் பாட்டு மணியண்ணனுக்கு. மியூசிக் டைரக்டர் அவரைப் பாடச் சொல்லிக் கேட்டு, அவர் சுருதிக்கே போட்டது. அன்றைக்கு பஜார் ரோடு குடோன் வாசலில் நின்று மணியண்ணன் என்னிடம் சொன்னார்.

"இத்தர வருஷம் மத்தவங்க தொண்டைல பாடியாச்சு மோளே. இது என் பாட்டாக்கும்."

மிளகு மூட்டை அடுக்கியிருந்த பழைய குடோன்தான் எங்கள் ரிஹர்சல் ஹால். பாதிப் பேர் தும்மிக்கொண்டே பாடினார்கள். உள்ளே போகும்போது எல்லாரும் போனைக் கூடையில் போட்டுவிட வேண்டும். பாட்டு வெளியே கசிந்துவிடக் கூடாதாம்.

கப்பலையும் அங்கேயே கட்டினார்கள். முழுசாகக் கட்டி, பெயின்ட் அடித்து, பூஜை போட்ட பிறகுதான் தெரிந்தது, அது குடோன் வாசலை விடப் பெரிது என்று. ஷோவுக்கு முதலில் குறித்த தேதி அதில் போயிற்று. ரம்பம் வைத்து இரண்டாக அறுத்தார்கள்.

மணியண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கப்பல் இங்கேயே கிடக்கட்டும், ஜனங்களை உள்ளே விட்டு இப்போதே ஷோவை முடித்துவிடலாம் என்றார். அப்படிச் செய்திருக்கலாம். சத்தியமாகச் செய்திருக்கலாம்.

சிரிக்கும்போதே குரல் கரகரத்தது. மிளகுத் தூசி என்று நினைத்தோம்.

ஒரு நாள் தோப்பும்படியில் ஒரு சாயாக்கடைக்கு வரச் சொன்னார். கையில் ஸ்கேன் ரிப்போர்ட். தொண்டையில் கட்டி, உடனே ஆப்பரேஷன் பண்ண வேண்டும், அதற்குப் பிறகு பாட முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டில் வெறும் வீக்கம் என்று சொல்லி வைத்திருந்தார். ஆபீஸில் மூச்சு விடாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு ஷோ. அது கழிஞ்சா அவங்க என்ன வேணாலும் வெட்டிக்கட்டும். அடுத்த மாசத் தேதி உறப்புதானே?"

ஹால் புக் பண்ணவில்லை என்று எனக்குத் தெரியும். பணம் போட்டவர்களில் ஒருவர் கழன்றுகொண்டதும் தெரியும். ஆனால் ஆபீஸில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். எந்த ஆர்ட்டிஸ்ட் கேட்டாலும் கன்ஃபர்ம் என்றே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு புரோகிராமுக்கு ஓடிவிடுவார்கள் என்று. என் வாய் அதற்குப் பழகிப்போயிருந்தது.

"உறப்புதான் அண்ணா."

அவர் ஆப்பரேஷனைத் தள்ளி வைத்தார். ஷோவும் தள்ளிப்போனது. மறுபடி கேட்டார், மறுபடி அதையே சொன்னேன். மூன்றாவது தடவை வாட்ஸ்அப்பில் வெறும் கேள்விக்குறி அனுப்பினார். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பினேன்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பரவிவிட்டது, இனி கத்தி வைத்துப் பிரயோஜனமில்லை என்றுவிட்டார்கள்.

நேற்று அவர் வீட்டில் சாந்தா அக்கா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். அந்தப் பாட்டு உன் போனில் இருக்குமே, ஒரு தடவை போடேன் என்று. என்னிடம் இல்லை. யாரிடமும் இல்லை. அத்தனை பேர் நின்று கேட்ட பாட்டு, ஒரு போனில்கூட இல்லை.

இன்று காலை ஆபீஸிலிருந்து ஒரு போஸ்டர் வந்தது. மணியண்ணன் போட்டோ, பக்கத்தில் குத்துவிளக்கு. 'எங்கள் அன்புக் கலைஞரின் மறைவையொட்டி அரங்கேற்றம் தள்ளி வைக்கப்படுகிறது.' எல்லா குரூப்பிலும் நான் போட வேண்டுமாம்.

தூ...

ஹால் இன்றைக்கும் புக் ஆகவில்லை. கப்பலைச் சுற்ற வைக்கிற மெஷின் இன்னும் துறைமுகத்தில் கிடக்கிறது. மணியண்ணனால் இந்த ஷோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போனதில்லை. ரிஹர்சலுக்கு அரை மணிநேரம் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிற மனுஷன் அவர். உங்கள் கூத்துக்குச் செத்தவரை ஏன் இழுக்கிறீர்கள்?

போஸ்டரை நான் போடவில்லை. வேலை போனால் போய்த் தொலையட்டும்.

ஆனால் அவர்களைத் திட்டிவிட்டு நான் நல்லவளாகிவிட முடியாது. இன்று சாயங்காலம் சாந்தா அக்கா வீட்டுக்குப் போனேன். தேதி பொய் என்று தெரிந்தே சொன்னதை, ரிப்போர்ட்டைக் கண்ணால் பார்த்த பிறகும் சொன்னதை, ஒன்று விடாமல் சொன்னேன்.

முடித்ததும் அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன், வரவில்லை. மகள்தான் வந்து நின்றாள்.

"போய்க்கோங்க சேச்சி. அம்மைக்கு இனி உங்களப் பாக்க வேண்டாமாம்."

போய்ட்டு வாங்க, மணியண்ணா.