ரோட்டுக்கு இந்தப் பக்கம்

"ரெண்டு பேருக்கும் தனித்தனி ரூம் வேணுமா, இல்ல தங்கச்சிக்கு நல்ல பள்ளிக்கூடம் வேணுமா? நீயே சொல்லு."

அம்மா இப்படிக் கேட்டபோது எனக்குப் பதினாறு வயது. தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, காதில் விழாத மாதிரி நின்றேன்.

அம்மாவுக்குத் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலை. பதினெட்டு வருடமாக அதுதான். வீட்டு வாசலில் குனிந்து, கொக்கியால் இரும்பு மூடியைத் தூக்கி, சேறு படிந்த கண்ணாடியைத் துணியால் துடைத்து, எண்ணைப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் நிற்கும். முட்டி நனையாமல் திரும்பிய நாள் குறைவு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு புத்தகம். அந்த வீடுகளில் இருப்பவர்களின் முகம் அம்மாவுக்கு அவ்வளவாகத் தெரியாது. கேட்டுக்கு வெளியே நின்று வேலையை முடித்துவிட்டு வருபவள்தானே. ஆனால் எந்த வீட்டில் குழாய் ஒழுகுகிறது, எந்த வீட்டில் ஆள் குறைந்திருக்கிறது என்பதெல்லாம் மீட்டரைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

பதினான்காம் புத்தகம், ஊரிலேயே நல்ல பள்ளி இருக்கும் பகுதி. அந்தப் பகுதிக்குள் வீடு இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் அங்கே இடம். பள்ளியின் மீட்டர் வேலியோரம் இருந்தது. அங்கே குனிந்து நிமிரும்போதெல்லாம் ஆய்வுக்கூடத்தின் ஜன்னல் தெரியுமாம். ஆளுக்கொரு நுண்ணோக்கி வைத்துக்கொண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள். என் பள்ளியில் எட்டாம் வகுப்பில் அறிவியல் ஆசிரியர் வேலையை விட்டுப் போனவர் போனவர்தான். இரண்டு வருடம் அந்த நேரத்துக்குக் காவலாளி வந்து உட்கார்ந்தார். சத்தம் போடாமல் புத்தகத்தைப் பார்த்து எழுதச் சொல்வார். நாங்களும் எழுதினோம். என் படிப்பு போன கதை அவ்வளவுதான்.

தங்கை அப்படி இல்லை. அவள் கணக்கில் புலி. அம்மா புத்தகத்தை விரித்தால், போன மாத எண்ணை இந்த மாத எண்ணிலிருந்து மனக்கணக்காகவே கழித்துச் சொல்லிவிடுவாள். அவளுக்கு அடுத்த வருடம் ஆறாம் வகுப்பு. இவளையாவது கரையேற்ற வேண்டும் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள்.

இரண்டு வீடுகள் பார்த்தோம். ஒன்று ஊருக்கு வெளியே: மூன்று அறை, காற்று, வெளிச்சம், எங்களால் கட்ட முடிகிற விலை. ஆனால் அங்கேயும் என் பள்ளி மாதிரியே ஒரு பள்ளி. இன்னொன்று நல்ல பகுதியின் ஓரத்தில், லாரி நிறுத்துமிடத்தை ஒட்டி. ஒன்றரை அறை. சமையலறைச் சுவரில் ஈரம் இடுப்பளவுக்கு ஏறியிருந்தது. விலையோ முதல் வீட்டைவிட ஏறக்குறைய இரண்டு பங்கு.

அப்பா லாண்டரியில் இஸ்திரி போடுபவர். நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர். அந்த அரை அறையின் நடுவில் நின்று கையை விரித்துப் பார்த்தார். இரண்டு கையும் சுவரில் முட்டின.

"இங்க நின்னுக்கிட்டேதான் தூங்கணும் போல. எனக்குப் பழக்கம்தான், உங்க பாடுதான் திண்டாட்டம்" என்றார்.

"நாம நின்னுக்கிட்டே தூங்கினாலும் புள்ள உக்காந்து படிப்பா."

இறங்கி வரும்போது அப்பா, இந்த வீட்டுக்கு இடம் உண்டா என்று எதற்கும் பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்றார். அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எட்டு வருஷமா நான் ரீடிங் எடுக்கற வீடுங்க இது. பதினாலாம் புத்தகம். எந்தத் தெரு எந்தப் பகுதின்னு எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

உண்மையில் அவளுக்குக் கேட்கக் கூச்சமாகவும் இருந்திருக்கிறது. முட்டியில் சேறோடு வேலியோரம் குனிந்து நிற்கிற பெண், உள்ளே போய் இடம் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று தயங்கியிருக்கிறாள். இதைப் பிற்பாடுதான் என்னிடம் சொன்னாள்.

வாங்கினோம். இருபது வருடத் தவணை. அப்பா ஞாயிற்றுக்கிழமையும் லாண்டரிக்குப் போக ஆரம்பித்தார். நானும் தங்கையும் ஒரே கட்டிலில் தலைமாடு கால்மாடாகப் படுத்தோம். லாரிகள் ரிவர்ஸ் எடுக்கும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்கும். தங்கை அதைப் பற்றிக் குறைப்படவே இல்லை. பள்ளிக்கு நடந்தே போகலாம், எத்தனை அடி ஆகிறது என்று இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு வந்தாள்.

சேர்க்கை அன்று அம்மாவும் தங்கையும் நானும் போனோம். அம்மா புதுச் செருப்பு போட்டிருந்தாள். அலுவலகத்தில் இருந்த எழுத்தர் வீட்டுப் பத்திரத்தைப் பார்த்தார், பிறகு மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த வரைபடத்தில் பென்சிலை நகர்த்திக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். பள்ளி எல்லை எங்கள் ரோட்டின் நடுவில் போகிறது என்றார். எதிர்வரிசை வீடுகள் உள்ளே. எங்கள் வரிசை வெளியே.

அம்மா சிரித்தாள். அவர் ஏதோ தப்பாகப் பார்க்கிறார் என்று நினைத்துவிட்டாள். "இல்லீங்க, அந்த வீட்டு மீட்டர் பதினாலாம் புத்தகம். தண்ணி எதிர்ப்பக்கத்துல இருந்துதான் வருது. நான்தான் ரீடிங் எடுக்கறேன்."

"தண்ணி வரும்மா. புள்ள வர முடியாது." மெதுவாகத்தான் சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை.

எங்கள் வரிசையின் குழாய் ரொம்ப காலத்துக்கு முன்பே உடைந்து, ரோட்டைத் தோண்டி எதிர்ப்பக்கத்திலிருந்து இணைப்பு கொடுத்திருந்தார்கள். அதனால்தான் வாரியத்தின் கணக்கில் எங்கள் வீடு பதினான்காம் புத்தகத்தில் இருந்தது. இதுவும் அம்மாவுக்கு முன்பே தெரியும். ஊரைக் குழாய் போகிற வழியிலேயே பார்த்துப் பழகியவள். பள்ளிக்கு வேறு கோடு இருக்கும் என்று அவள் மனதில் படவே இல்லை.

மூன்று முறை மனு கொடுத்தோம். மூன்று முறையும் இடமில்லை என்று பதில் வந்தது. வீட்டை விற்றுவிடலாம் என்று தரகரிடம் போனோம். வாங்க வந்தவர்கள் முதல் கேள்வியாகப் பள்ளியைத்தான் கேட்டார்கள். பதிலைக் கேட்டு, வாங்கிய விலையில் முக்கால்வாசிகூடத் தரத் தயாராக இல்லை. விற்றாலும் கடன் அடையாது. மாட்டிக்கொண்டோம்.

தங்கை எங்கள் வரிசைக்கு உரிய பள்ளியில் சேர்ந்தாள். இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டு வகுப்புகளை ஒரே கூடத்தில் சேர்த்து உட்கார வைத்திருக்கிறார்கள். பின்னால் இருந்து பார்த்தால் கரும்பலகை தெரியவில்லை என்று முதல் வாரம் சொன்னாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். இப்போது இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் கணக்கில் தோற்ற தாளை அப்பாவிடம் கையெழுத்துக்கு நீட்டினாள். அப்பா படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அழுதிருந்தால்கூடத் தேவலாம் என்று தோன்றியது. அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டாள்.

நான் இந்த வருடம் பள்ளியை முடித்தேன். மதிப்பெண்ணைச் சொல்லி எதுவும் ஆகப்போவதில்லை. அம்மா இன்னமும் மாதம் ஒரு நாள் எங்கள் தெருவில் ரீடிங் எடுக்கிறாள். எதிர்வரிசைப் பிள்ளைகள் சீருடையில் அவளைத் தாண்டி நடந்து போகிறார்கள். அவள் தலையைத் தூக்குவதில்லை. எங்கள் வீட்டு மூடியைத் திறக்கிற முறை வந்தால், என்னைப் போய்ப் பார்த்துச் சொல்லச் சொல்கிறாள்.

எங்களுக்கு இனி ஒன்றும் மாறாது. அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளைகளுக்காக வீடு பார்த்துக்கொண்டிருக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இதை அவர்களிடம் சொல்லுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பள்ளி அலுவலகத்துக்குள் போய், வீட்டு எண்ணைச் சொல்லிக் கேட்கட்டும். காலில் சேறு இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே போகச் சொல்லுங்கள்.