சிரிக்காத யானை

போன சனிக்கிழமை ஒரு யானையின் சிரிப்பைப் பிரித்தெறிந்தேன். சின்னக் கத்தரிக்கோலால், தையல் தையலாக.

என் வாழ்க்கையில் நான் நேராகத் தைத்த முதல் தையல் அந்தச் சிரிப்புத்தான். அதையும் நானே வெட்டினேன் என்றால், எனக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் வாசிக்கிறவர்களுக்கு என் கைராசி தெரியும். எங்கள் வீட்டில் சட்டைப் பொத்தான் அறுந்தால் தைக்கிறவர் என் கணவர். நான் ஊசியை எடுத்தால் பிள்ளைகள் கதிரையை விட்டு எழும்பிவிடுவார்கள். எந்தக் கதிரையில் அந்த ஊசியை மறந்து வைப்பேன் என்று யாருக்குத் தெரியும்?

அப்படிப்பட்ட என்னைத் தையல் வகுப்புக்கு இழுத்துப் போனவர் தவமணி மச்சாள். என் கணவரின் அக்கா. ஒட்டுசுட்டானில் வயலும் வாழையுமாக இருக்கிறவர். ஒரு மாதத்துக்கு முன்பு, கிளிநொச்சியில் இருக்கும் எனக்கு போன் எடுத்தார்.

“மச்சாள், இஞ்சை பொதுநோக்கு மண்டபத்திலை சனிக்கிழமையளிலை ஃபெல்ட் துணியிலை பொம்மை தைக்கப் பழக்கினமாம். கொழும்பிலை இருந்து ஒரு பிள்ளை வருது. நல்லாத் தைக்கிற ஆக்களுக்கு அங்கத்தைக் கடை ஒண்டு தொடர்ந்து வேலை குடுக்குமாம். நான் போகப்போறன். நீரும் வாரும்.”

“எனக்கு ஊசியிலை நூலே கோக்கத் தெரியாதே மச்சாள்...”

“அதுக்குத்தானே பழக்கினம்?” கொஞ்சம் நிறுத்தினார். “எனக்கு இந்த வேலை வேணும். ஆனை மிதிக்கேலாத ஒரு வேலை வேணும்.”

அதற்குமேல் நான் என்ன சொல்ல? குலை தள்ளி நின்ற அவருடைய வாழைத் தோட்டத்தை ஒரு யானை வந்து ஒரேயடியாகப் படுக்க வைத்துவிட்டுப் போய்ச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தந்தமில்லாத ஆண் யானை, இடது காது கிழிந்தது என்று அடையாளம்கூடச் சொல்வார். அதை விரட்டத் தகரத்தைத் தட்டித் தட்டி அவருக்குக் கை வீங்கியதுதான் மிச்சம்.

மாங்குளத்தில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். மண்டபத்தில் பதினொரு பெண்கள். படிப்பித்தவர் நிரோஷா – தங்கமான பிள்ளை. என்னைப் பார்த்ததும், “அன்ட்டி, ஃபெல்ட் ரொம்ப ஈஸி, பயப்படாதீங்க” என்றாள். பயப்பட வேண்டியது ஃபெல்ட்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை, பாவம்.

தொடங்க நினைக்கிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில சொல்கிறேன். நூலை நீளமாக எடுக்காதீர்கள். அடிக்கடி ஊசி கோர்க்கிற தொல்லை வேண்டாமென்று நான் இரண்டு கையையும் விரித்து ஒரு பாகம் நீளத்துக்கு இழுத்தேன். மூன்றாவது தையலிலேயே சிக்கு. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை போதுமாம். பூ வேலை நூல் ஆறு இழையாக இருக்கும், அதில் இரண்டை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். முக்கியமாக, மடியில் வைத்துத் தைக்காதீர்கள். என் முதல் பொம்மை என் பாவாடையோடு சேர்ந்தே எழும்பியது.

வகுப்பில் எல்லோரும் விட்ட பிழை ஒன்று உண்டு. துணி என்றால் ஓரம் மடித்துத் தைக்க வேண்டும் அல்லவா? பதினொரு பேரும் மடித்தோம். நிரோஷா தலையில் கை வைத்துவிட்டாள். “ஃபெல்ட்ல நூல் பிரியாது. வெட்டினா வெட்டினபடியே இருக்கும். மடிக்கவே வேணாம்!” யாரும் நம்பவில்லை. தவமணி மச்சாள் மட்டும் ஓரத்தை நகத்தால் கிண்டி, இழுத்து, பல்லாலும் ஒருமுறை பார்த்துவிட்டு, “ஓம்... பிரியேல்லை” என்று தீர்ப்புச் சொன்னார். அதன்பிறகுதான் நாங்கள் நம்பினோம்.

மச்சாளின் சிக்கல் வேறு. வருடக்கணக்காக நெல்லுச் சாக்கு வாய் தைத்த கை. ஒவ்வொரு தையலையும் சாக்கை இறுக்குகிற இழுவை இழுத்தார். ஃபெல்ட் சுருங்கி, அவர் தைத்த முதல் இதயப் பொம்மை கத்தரிக்காய் ஆனது. ஆனால் இரண்டாவது சனிக்கிழமைக்குள் கையை அடக்கிவிட்டார். ஓரத் தையல் – கம்பளி விளிம்பில் வருமே, அது – ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வந்தது. “அக்கா, உங்க தையல்தான் இங்க பெஸ்ட்” என்று நிரோஷா எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். மச்சாள் வெட்கப்பட்டதை நான் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.

மூன்றாவது கிழமைதான் வந்தது வினை. கடைக்கு அனுப்பப்போகும் மாதிரிப் பொம்மையின் படத்தை நிரோஷா எங்களிடம் நீட்டினாள்.

யானை.

சாம்பல் உடம்பு, ரோஸ் காது, வாயில் இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை சிரிப்பு!

 எல்லோரும் சிரித்தோம். நிரோஷாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒட்டுசுட்டானில் யானையை ஆசையாக மடியில் வைத்துத் தைக்கச் சொல்கிறாளே, சிரிக்காமல் என்ன செய்வது? மச்சாள் மட்டும் சிரிக்கவில்லை. படத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். மடித்துப் பையில் வைத்தார்.

போன சனிக்கிழமை எல்லோரும் தைத்து முடித்துக் கொண்டுவந்தோம். என்னுடைய யானைக்கு ஒரு கால் கட்டை, தும்பிக்கை எங்கோ பார்த்தது. ஆனால் சிரிப்பு? அப்படி ஒரு நேர்த்தி. நானே பலமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.

மச்சாள் தன் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். தந்தமில்லை. இடது காது கிழிந்து தொங்கியது – அந்தக் கிழிசலின் ஓரத்தையும் தனியாகத் தைத்திருந்தார். சின்னக் கண். வாய் இறுகி மூடியிருந்தது. அது யார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

நிரோஷா அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அக்கா... தையல் அவ்வளவு அழகா இருக்கு. ஆனா கடைல எடுக்க மாட்டாங்க. ஒரு சிரிப்பு மட்டும் வைங்களேன். நாலஞ்சு தையல்தானே?”

“ஏலாது பிள்ளை.”

“சின்னப் புள்ளைங்க பயந்துடுவாங்க அக்கா.”

“பயப்பிடத்தான் வேணும்!” மச்சாளின் குரல் உயர்ந்தது. “எங்கட பிள்ளையள் காட்டுக்கரை றோட்டாலை சைக்கிளிலை பள்ளிக்கூடம் போகுதுகள். ஆனையைக் கண்டால் ஓட வேணும். இதைப் பார்த்து வளர்ந்திட்டு, ‘ஐ, சிரிக்குது’ எண்டு கிட்டப் போனால் ஆர் பொறுப்பு? நீங்களோ? கடைக்காரரோ?”

நிரோஷாவின் முகம் வாடிவிட்டது. “நீங்க சொல்றது சரிதான் அக்கா. ஆனா இத நான் அனுப்பினா, உங்களுக்கு வேலை கிடைக்காது. உங்களுக்குத்தான் கட்டாயம் கிடைக்கணும்னு நான் நினைச்சேன்.”

மச்சாளுக்கு அந்த வேலை எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். ‘நாலு தையலைப் போட்டுவிட்டுப் போங்கோவன்’ என்று என் வாய்வரை வந்தது. உண்மையைச் சொல்கிறேன், வந்தது.

அப்போதுதான் என் கோபமும் வந்தது. நிரோஷா மேல் அல்ல. உதவி செய்ய என்று எங்கள் பக்கம் வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகைக்கு நாங்கள் அழவேண்டும். அழாவிட்டால் அவர்கள் அறிக்கை நிரம்பாது. மற்ற வகைக்கு நாங்கள் சிரிக்கவேண்டும். தையல் மெஷின் தந்தாலும் கோழிக்குஞ்சு தந்தாலும் கமெராவைத் தூக்கிக்கொண்டு, “அக்கா, கொஞ்சம் சிரியுங்கோ.” நானும் எத்தனை தடவை பல்லைக் காட்டியிருக்கிறேன்! எங்களுக்கு உண்மையில் என்ன முகம் என்று கேட்டு வந்தவர் யார்? இப்போது எங்களை மிதிக்கிற யானைக்கும் நாங்களே சிரிப்புத் தைத்துக் கொடுக்க வேண்டுமாம். முடியாது. ஒரு தையல்கூட முடியாது.

கத்தரிக்கோலை எடுத்தேன். என் யானையின் சிரிப்பை வெட்டி, நூலை ஒவ்வொன்றாக உருவினேன். ஊசி போன இடத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள். நகத்தால் தேய்த்தேன், முழுதாக மறையவில்லை. மச்சாளின் யானைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் என் யானையின் கட்டைக் காலைப் பார்த்தார்.

“இது ஆனை மாதிரியே இல்லை மச்சாள்.”

“தெரியும்.”

“ஆனால் சிரிக்கேல்லை” என்றார். திருப்திதான்.

நிரோஷா இரண்டையும் பெட்டியில் மேலாக வைத்து எடுத்துப்போனாள். பேசாமல் அங்கேயே விட்டுப் போயிருக்கலாம், விடவில்லை. அதற்காகவே அந்தப் பிள்ளையை எனக்குப் பிடிக்கும்.

புதன்கிழமை அவள் மச்சாளுக்கு போன் எடுத்தபோது, நானும் மச்சாளைப் பார்க்கப் போய் அவர் வீட்டுக் குசினியில், அடுப்படியில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டார். என் யானையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, நல்லது. மச்சாளின் தையலைக் கடைக்காரருக்கு மிகவும் பிடித்துவிட்டதாம். வேலை அவருக்கே உறுதியாம். ஒரே ஒரு நிபந்தனை...

“சிரிப்புத்தானே?” என்றார் மச்சாள்.

“ஆமா அக்கா” என்றாள் நிரோஷா.

மச்சாள் அடுப்பைக் குறைத்தார்.  

“பிள்ளை, அந்தக் கடைக்காரரை ஒருக்கா இஞ்சை வரச் சொல்லுங்கோ. என்ர தோட்டத்துக்கை நிண்டு பார்க்கட்டும். ஆனை அவரைப் பார்த்துச் சிரிச்சால், நான் எத்தினை எண்டாலும் தைச்சுத் தாறன்.”

கடைக்காரர் இன்னும் வரவில்லை. யானை நேற்றும் வந்தது.