ரெண்டு பேர் போகிற படகு

படகு வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எந்தப் படகு என்பதில்தான் எனக்கு மண்டை காய்ந்தது.

நான் திருநெல்வேலிக்காரன். ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. மனைவிக்குப் பென்னலூர்ப் பக்கம் வேறொரு கம்பெனி. இருவருக்கும் ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும், ஒத்து மட்டும் போகாது. நான் கதவைத் திறந்தால் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்குவாள், இல்லையென்றால் கம்பெனி பஸ் பிடிக்கப் போயிருப்பாள். சண்டை போடக்கூட நேரமில்லாத குடித்தனம். மிஞ்சுவது ஞாயிறு, அதையும் பாதி ஓ.டி. தின்றுவிடும்.

அவள் பிறந்தது பிள்ளைப்பாக்கம். மழைக்கு ஏரி நிரம்பியதும் கேட்டாள். "சின்னதா ஒரு போட்டு வாங்கலாம்யா. ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் சும்மா சுத்தினு வரலாம்."

எதையும் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை. அதனாலேயே இதில் தப்பு நடந்துவிடக் கூடாது என்று எனக்குப் பதற்றம்.

கம்பெனியில் என் லைனில் வேலை பார்க்கிற ஒருவன், காற்றடிக்கிற படகு போதும் என்றான். என் ஊர்க்காரன், "கருவேல முள்ளு குத்துச்சுன்னா சோலி முடிஞ்சுதுல" என்றான். பைபர் படகு என்றால் எங்கள் மாடிப்படியில் ஏறாது. எடை பார்ப்பதா, அகலம் பார்ப்பதா? துடுப்பு ஒன்றா, இரண்டா? போனில் பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது. கருமம், இதற்கு ஒரு காரே வாங்கிவிடலாம் போலிருந்தது.

கடைசியில் சென்னையில் ஒரு கடைக்கு அவளையும் அழைத்துப் போனேன். முள்ளுக்கு அசராத தடித்த துணியில், காற்றடிக்கிற நீளப் படகு ஒன்றைக் காட்டினார்கள். முன்னால் ஒரு சீட், பின்னால் ஒரு சீட். தொழில் புத்தி போகுமா? ஒட்டிய இடங்களை நகத்தால் நெருடினேன். வால்வில் சோப்புத் தண்ணீர் விடச் சொன்னேன். ஒரு குமிழி வரவில்லை. "உக்காந்து பாருங்க சார்" என்றார் கடைக்காரர். கடைத் தரையிலேயே நான் முன்னாலும் அவள் பின்னாலும் உட்கார்ந்தோம்.

"எப்படிட்டி இருக்கு?"

திரும்பினால் இறங்கி நிற்கிறாள், கண் கலங்கியிருக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை, கோபம்தான் வந்தது.

"இதுல என்ன குறை கண்டுட்ட? சொல்லித் தொலையேன்!"

"பைக்ல போனா உன் முதுகு. வூட்டுக்கு வந்தா நீ தூங்குற முதுகு. தண்ணிலயும் முதுகத்தான் பாத்துகினு வரணுமா? அப்ப இன்னாத்துக்குய்யா போட்டு?"

கடைக்காரர் வேறு பக்கம் பார்த்தார். நான் வால்வையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வாங்கியது மூலையில் கிடந்த குட்டி பைபர் படகு. ஏரிக்கரையில் அவள் அண்ணன் வீட்டிலேயே அதைப் போட்டுவிட்டோம். அதில் துடுப்பு போடுகிறவன் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும், எதிரே மற்றவர்.

முதல் ஞாயிறு எங்கே போகிறேன் என்றே தெரியவில்லை. ஏரிக்குள் நின்ற கருவேலத்தில் போய் இடித்தேன். "லெப்ட்ல, லெப்ட்ல!" என்று அலறினாள்.

"யார் லெப்ட்டுட்டி? உனக்கா, எனக்கா?"

அவளுக்கும் தெரியவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். கடைவாய்ப் பக்கம் அவளுக்கு ஒரு பல் மேலேறி முளைத்திருக்கிறது. அன்றுதான் பார்த்தேன்.