பூவம்மா வீட்டு வாசலில் நின்றவர்

ஆம்ப்ரோஸ் நடந்து வந்தால் எதிரே வருகிறவர்கள் தாமாகவே ஒதுங்குவார்கள். சிட்டி கவுன்சிலில் மின்சார மீட்டர் பார்க்கும் வேலை அவருக்கு. சிராங்கூன் ரோட்டுச் சந்து பொந்தெல்லாம் புகுந்து, கடைவீடுகளின் மாடிப்படி ஏறி இறங்கி, மற்றவர்கள் சாயங்காலம் வரை இழுக்கும் வேலையை மத்தியானத்துக்குள் முடித்துவிடுவார். கோவில் திருநாளில் சப்பரத்துக்கு முன்னால் சிலுவை பிடித்துப் போகிறவரும் அவர்தான். நடையில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்பது தாட்சண்யத்துக்குச் சொல்வது. தளர்ந்து நடக்கும் கிழவர்களைக் கண்டால், "என்ன பெரியவரே, எறும்புக்கு வழி விடுறீங்களா?" என்று கேட்டுச் சிரிப்பார்.

யானைக்கும் அடி சறுக்கும். ஐம்பத்தேழாம் வருஷம், அவருக்கு ஐம்பத்திரண்டு வயதாகும்போது, வலது கால் இழுக்க ஆரம்பித்தது. அப்புறம் வலது கை சும்மா இருக்கையில் தானாக நடுங்கியது. பிறகு வந்ததுதான் விபரீதம். குறுகலான இடம் எதுவானாலும், கதவோ சந்தோ, அங்கே போனதும் பாதம் இரண்டும் பசை போட்டாற்போல் தரையோடு ஒட்டிக்கொண்டன. மனசு போ போ என்று விரட்டும்; கால் கேட்காது. எப்போது விடும் என்பதும் தெரியாது. விட்டால் பொடிநடையாக ஓட்டமெடுக்கும், நிறுத்த முடியாது.

பெரியாஸ்பத்திரி டாக்டர் அதற்குப் பார்க்கின்சன் என்று பேர் சொன்னார். மாத்திரை நடுக்கத்தைக் குறைக்கும், நோய் போகாது என்றார். "அடுத்த தடவை வீட்டுக்காரம்மாவையும் கூட்டி வாங்க" என்றார். "அவ ஊருக்குப் போயிருக்கா, சார்" என்று கூசாமல் பொய் சொன்னார் ஆம்ப்ரோஸ். அவர் மனைவி அந்தோனியம்மாள் அந்நேரம் டன்லப் ஸ்திரீட் மாடியறையில் அவருக்கு மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் வாதம் என்றார். ஆபீசில், படியேறி அலுத்துவிட்டது என்று சொல்லி உட்கார்ந்த வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டுக்குள் சுவரையும் மேசையையும் தொட்டுத் தொட்டு நடந்ததால், வயசாகிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

மறைக்க முடியாத இடம் கோவில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில், நன்மை என்னும் திவ்விய அப்பம் வாங்கப் பீடத்துக்கு முன்னாலிருக்கும் கிராதியில் முழங்காலிட்டவர், எழுந்து திரும்பும்போது அப்படியே நின்றுவிட்டார். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். யாரோ பொறுமையிழந்து தோளைத் தள்ள, கால் விடுபட்டுக் குடுகுடுவென்று ஓடிப் பெஞ்சில் போய் மோதினார். ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அது தன்னைப் பார்த்துத்தானா என்று திரும்பிப் பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து அவர் நன்மைக்கு எழுந்திருக்கவே இல்லை.

பெண்கள் பக்கத்தில் கண்மூடி ஜெபித்துக்கொண்டிருந்த அந்தோனியம்மாள் அந்த மோதலைக் கவனிக்கவில்லை; அடுத்த வாரங்களில் அவர் எழுந்திருக்காததைத்தான் பார்த்தாள். முதல் வாரம், மறதியாக ஏதாவது குடித்து, நன்மைக்கு முன் இருக்க வேண்டிய உபவாசம் முறிந்திருக்கும் என்று நினைத்தாள். இரண்டாம் வாரமும் அவர் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் வாரமும் அப்படியே. ஊர் அறிந்த கணக்கு ஒன்றுதான்: பூசைக்கு வந்தும் நன்மை வாங்காதவன் சாவான பாவத்தில் இருக்கிறான், அதைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவும் மனசில்லை. அந்த வயசு ஆம்பிளைக்கு அது என்ன பாவமாக இருக்கும் என்று யோசிக்க ஊருக்கு ரொம்ப நேரம் பிடிக்காது.

பக்கத்து அறை உர்சுலா அதற்கு முகவரியும் கண்டுபிடித்துக் கொடுத்தாள். "அக்கா, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்காரரு சாயங்காலம் லேட்டாதானே வராரு? இடியப்பம் விக்கிற பூவம்மா இருக்கால்ல, புருஷன் செத்தவ, அவ வீட்டு வாசல்ல நிக்கிறாரு. தூணைப் பிடிச்சிக்கிட்டு. எத்தனையோ நாள் பாத்துட்டேன்லா."

பார்த்தது பொய்யில்லை. கடைவீடுகளின் முன்னால் ஓடும் அஞ்சடிப் பாதையில், ஒருபக்கம் வெங்காய மூட்டைகள், மறுபக்கம் பத்தரின் பட்டறை என்று வழி குறுகி, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இருந்தது. அதைத் தாண்டினால் பூவம்மாவின் கதவு. ஆம்ப்ரோஸின் கால் தினமும் சிக்கிக்கொண்டது அங்கேதான். அந்தப் பெண்ணோடு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மறுநாள் சாயங்காலம் அந்தோனியம்மாள் உர்சுலாவையும் கூட்டிக்கொண்டு போனாள். சொன்னபடியே அவர் தூணைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். கதவு லேசாகத் திறந்திருந்தது.

"வெளிய வாடி!" என்றாள் அந்தோனியம்மாள். அதற்கு மேல் சொன்னதையெல்லாம் எழுத வேண்டாம். ஜெபமாலை உருட்டும் வாயா இது என்று பத்தர் பட்டறையை விட்டு எழுந்து பார்த்தார். மூட்டை தூக்குகிறவர்கள் கூடிவிட்டார்கள். கையெல்லாம் மாவோடு வெளியே வந்த பூவம்மா ஆம்ப்ரோஸ் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, நீங்களே சொல்லுங்கய்யா. என் வீட்டுப் படியை மிதிச்சிருக்கீங்களா?"

ஆம்ப்ரோஸ் தூணை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லேன்னா இப்பவே என்கூட வாங்க" என்றாள் அந்தோனியம்மாள். "ஊரு பாக்க நடந்து வாங்க. நம்புறேன்."

அவள் கேட்டது அவ்வளவுதான். அவரும் வரத்தான் பார்த்தார். உடம்பு முன்னால் சாய்ந்தது, பாதம் பெயரவில்லை. கால் வரவில்லை என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். அதைச் சொல்ல நாக்கும் ஒட்டிக்கொண்டது. இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. சுற்றி நின்றவர்கள் கண்ணில் இளக்காரம் இருந்ததே தவிர இரக்கம் இல்லை, அது ஒரு கணம் அவருக்கு ஆறுதலாகவே இருந்தது. நொண்டி என்பதைவிடப் பொம்பிளைப் பித்தன் என்பது மேலாகப்பட்டது. அந்த மேன்மைக்கு விலை கொடுப்பவள் எதிரே மாவுக்கையோடு நிற்கிறாள் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

"பாத்துக்கிட்டேன்" என்று சொல்லி அந்தோனியம்மாள் திரும்பி நடந்தாள்.

அவர் எப்படியோ வீடு வந்து சேர்ந்தபோது அவள் டிரங்குப் பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். குவீன்ஸ்டவுனில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் அவர் இன்னும் கொஞ்சம் மறைத்திருப்பாரோ என்னவோ.

"கால் வரல, அந்தோனியம்மா" என்றார்.

"என்ன?"

"நான் அங்க நிக்கல. கால் ஒட்டிக்குது. கோவில்லயும் அதான். டாக்டர் பேரெல்லாம் சொன்னாரு. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவள் நம்பவில்லை. "இந்தச் சமையக்கட்டு வரைக்கும் நடங்க, பாப்போம்" என்றாள். அவர் சுவரைத் தொடாமல் நடந்தார். குறுகலான நிலைக்கதவின் முன்னால் போனதும் நின்றார். குதிகால் மட்டும் தரையில் படபடவென்று அடித்துக்கொண்டது. அவள் முழுசாகப் பார்த்தாள். அப்புறம் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இதையா மறைச்சீங்க? காலுதானே போச்சு! இதுக்காகவா ஒரு பாவமும் அறியாதவளை என் வாயால அந்தப் பேச்சு பேச வச்சீங்க?" இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் இருவரும் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள். அவள் கைத்தாங்கலாக அவரை நன்மைக்குக் கூட்டிப் போனாள். ஆம்பிளைகள் பக்கத்தில் ஒரு பெண்ணா என்று கோவிலே பார்த்தது. அவள் சட்டை பண்ணவில்லை. பூசை முடிந்த கையோடு நேரே பூவம்மா வீட்டுக்குப் போனார்கள்.

பூவம்மா வாசலை மறித்து நின்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை. அந்தோனியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டு நடந்ததைச் சொன்னாள். தன் தப்புதான் என்று ஆம்ப்ரோஸும் தலைகுனிந்து சொன்னார்.

"உடம்புக்கு முடியலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்யா" என்றாள் பூவம்மா. "தினம் கதவிடுக்கு வழியா பாப்பேன். ஒரு நாற்காலி கொண்டாந்து போடலாமா, ஒரு கை குடுக்கலாமான்னு மனசு அடிச்சுக்கும். புருஷன் இல்லாதவ, நாலு பேரு நாலு விதமா பேசுவாங்களேன்னு பயந்துக்கிட்டு உள்ளேயே இருந்தேன். அப்பவும் பேசிட்டீங்க. இப்ப என்கிட்ட இடியப்பம் வாங்க வரவங்க பாதிப் பேரு வரதில்ல. நீங்க ரெண்டு பேரும் நல்லாயிருங்க. இனிமே என் வாசல்ல மட்டும் நிக்காதீங்க."

"சரிம்மா" என்றார் ஆம்ப்ரோஸ்.

போகத் திரும்பினார். பத்தர் பட்டறைக்கும் வெங்காய மூட்டைக்கும் நடுவில், பூவம்மாவின் கண்ணெதிரே, கால் ஒட்டிக்கொண்டது.